கழுத்துப்பட்டைக்கு அடியில்

"கழுத்துப் பக்கம் நாற்றம் வருகிறது டாக்டர், என்னவென்று தெரியவில்லை." இப்படிச் சொல்லி அழைத்துவரும் நாய்களின் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தால், சில நேரம் பட்டையே கண்ணுக்குத் தெரிவதில்லை. தோல் அதை மூடியிருக்கும். குட்டியாக இருந்தபோது மாட்டிய பட்டை. நாய் வளர்ந்துவிட்டது, பட்டையை யாரும் தளர்த்தவில்லை. சதைக்குள் இறங்கிச் சீழ் பிடித்து, புழுவும் வைத்திருக்கும். மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டி எடுக்கிறேன். அதைப் பார்த்து அழும் உரிமையாளர்கள் உண்டு. அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், வேளை தவறாமல் உணவு வைத்தவர்கள். சங்கிலி எட்டும் எல்லையில் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாயைத் தொட்டுப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

வெளியில் கட்டிவைக்கும் நாய் மெல்ல மெல்ல நம் கையைவிட்டு விலகிப்போகிறது. பல நாடுகளின் சட்டங்கள் கட்டும் முறையில் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது எனக்கு வியப்பாக இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வெளியில் ஆளில்லாமல் கட்டிவைக்கும் நாய்க்குச் சங்கிலியையே தடை செய்கிறது. கயிறு குறைந்தது 10 அடி, அல்லது நாயின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது இருக்க வேண்டும். பட்டை அளவாகப் பொருந்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் மதிப்பு. கலிபோர்னியாவில் பொதுவாக ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்க முடியாது. ஆஸ்திரியாவில் சிறிது நேரம்கூடக் கட்டிவளர்க்கக் கூடாது. ஜெர்மனியில் 2023 முதல் தடை; வேலை செய்யும் நாய்களுக்கு மட்டும், ஆள் உடனிருந்தால், விலக்கு உண்டு.

கயிற்றின் நீளத்தை ஏன் அளக்க வேண்டும்? குட்டையான சங்கிலி கம்பத்தைச் சுற்றிக்கொண்டால், ஓரடி தள்ளியிருக்கும் தண்ணீர்கூட எட்டாது. நிழல் நகரும்போது நாயால் கூடவே நகர முடியாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் கட்டப்பட்ட நாய்க்கு அந்த நிலை வர அதிக நேரம் ஆகாது.

"அவிழ்த்துவிட்டால் கடித்துவிடுமே" என்பார்கள். அஞ்சிய நாய் முதலில் விலகி ஓடத்தான் பார்க்கும். ஓட வழியில்லாதபோதுதான் பல்லைக் காட்டுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகர நாய்களைப் பற்றி 1994இல் வெளியான ஆய்வில், முற்றத்தில் கட்டி வளர்த்த நாய்கள் கடித்திருக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு என்று தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டிக்கிடந்த நாயை ஒரே நாளில் அவிழ்த்துத் தெருவில் விடச் சொல்லவில்லை. வேலியிட்ட இடத்தில், நீங்கள் அருகில் இருக்கும்போது, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டிவைக்கும் நாயை நடக்கவிடாமல் புறக்கணிப்பதும் குற்றமே. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். நெடுநேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. அதைத் திட்டவட்டமாக எழுதியாக வேண்டும், அபராதமும் உயர வேண்டும்.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். வளரும் குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். பட்டை புதைந்திருந்தால் இழுக்காதீர்கள், மஞ்சளோ மருந்தோ பூசாதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.