மவுஸையும் கீபோர்டையும் தூக்கிப் போடலாமா? தோள்பட்டையைக் கேளுங்கள்

பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எல்லாமே டச் ஆகிவிட்டதே, இன்னும் கொஞ்ச நாளில் மவுஸும் கீபோர்டும் போய்விடும்தானே? அதோடு இந்தக் கைவலியும் போய்விடுமா?" மணிக்கட்டு வலியோடு வருகிறவர்களுக்கு மவுஸ் மேல் கோபம் இருப்பது இயல்புதான். ஆனாலும் என் பதில் ஒன்றே. அவை போகாது. மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் அவற்றைத் தாங்களாகவே ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். நம் தோளும் கழுத்தும் அமைந்திருக்கும் விதம் அப்படி.

நம்பிக்கை வராவிட்டால் இப்போதே செய்து பாருங்கள். நேராக உட்கார்ந்து, எதிரே நிற்கும் மானிட்டரின் நடுவில் ஆள்காட்டி விரலை வையுங்கள். முழங்கை எதன் மேலும் படக் கூடாது. அப்படியே இரண்டு நிமிடம் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் தோளின் வெளிப்பக்கம் மெல்லச் சூடேறுவதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை காதை நோக்கி ஏறிவிடும். அது உங்களுக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். (ஏற்கெனவே தோள்வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.)

ஒரு முழுக் கையின் எடை, உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 3 கிலோ. அதை முன்னால் நீட்டி அந்தரத்தில் பிடித்திருப்பது தோளைச் சுற்றியுள்ள தசைகளின் வேலை. நடக்கும்போது தசை இறுகும், தளரும். தளரும்போது ரத்தம் பாய்ந்து களைப்பு நீங்கும். அசையாமல் இறுகியே நிற்கும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் அழுந்தி, ரத்த ஓட்டம் குறைகிறது. எடை பெரிதில்லை என்றாலும் வலி வருவது இதனால்தான்.

என்னிடம் வந்த ஒரு பெண், வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவர். வலது கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றார். விழவில்லை, கனமாக எதையும் தூக்கவும் இல்லை. வேலை செய்யும் கருவியை அடுத்த முறை எடுத்து வாருங்கள் என்றேன். செங்குத்தாக நிறுத்தக்கூடிய பெரிய டேப்லெட் அது. வழக்கம்போல வேலை செய்யச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். வலது விரல் திரையில் கட்டங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடது கையோ, வலது முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியாது, நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். அதே டேப்லெட்டோடு ஒரு கீபோர்டும் மவுஸும் சேர்த்தோம். உடற்பயிற்சியும் தொடர்ந்தது. சில வாரங்களில் கை தலைக்கு மேலே போனது.

கம்ப்யூட்டர் துறைக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. 'கொரில்லா கை' என்றே அதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1983-லேயே ஹெச்.பி. நிறுவனம், திரையைத் தொட்டு இயக்கும் மேசைக் கணினி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வழி அப்போது பரவவில்லை. செங்குத்தான தொடுதிரையை நிறையப் பேரிடம் சோதித்துப் பார்த்தும் சரிவரவில்லை, நேரம் ஆக ஆகக் கை கழன்று விழுவதுபோல ஆகிவிடுகிறது என்று 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில் சொன்னார். தொடுதலை முன்னிறுத்தி 2012-ல் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே 8.1-ல் அது திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, விரலுக்காகவே பிறந்த ஐபேட், 2020-ல் மவுஸுக்கும் டிராக்பேடுக்கும் முழுமையாக இடம் கொடுத்தது.

அப்படியானால் டேப்லெட்டை மேசையில் படுக்க வைத்துவிடலாமே என்பார்கள். தோள் தப்பிக்கும், கழுத்து மாட்டிக்கொள்ளும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையைக் குனிந்த நிலையிலேயே பிடித்திருக்க வேண்டும். திரை கண்ணுக்கு நேராகவும் கை மேசை மேலும் இருக்க வேண்டுமென்றால், திரையும் கை வைக்கும் இடமும் தனித்தனியாகத்தான் இருந்தாக வேண்டும். டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்து, பில் இங்கிலீஷ் 1964-ல் மரத்தில் செய்து முடித்த முதல் மவுஸ் அந்தப் பிரிவைச் சாதித்தது. கை மேசையில் படுத்திருக்க, சில சென்டிமீட்டர் அசைவில் சுட்டி திரை முழுவதையும் கடந்துவிடுகிறது. விரல் நுனியோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். எதைத் தொடப்போகிறதோ அதையே மறைத்துவிடுகிறது.

கீபோர்டிலும் இதே கதைதான். எஃப், ஜே விசைகளின் மேல் இருக்கும் சின்ன மேட்டை விரலால் தடவிப் பாருங்கள். பார்க்காமலே கை தன் இடத்தைக் கண்டுபிடிக்க வைத்தது அது. அங்கே விரல்களைச் சும்மா வைத்திருக்கலாம். கண்ணாடித் திரையில் வைத்தால் எழுத்து விழுந்துவிடும். அதனால் பத்து விரல்களும் அந்தரத்திலேயே நிற்கின்றன, முன்கையின் மேற்புறத் தசைகள் ஓய்வில்லாமல் அவற்றைத் தூக்கிப் பிடிக்கின்றன. அழுத்தியது தெரியாததால் பலர் கண்ணாடியை ஓங்கிக் குத்தவும் செய்கிறார்கள். தொட்டுணர முடியாத கருவியால் வரும் ஆபத்து வலியோடு நிற்பதும் இல்லை. 2017-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். போதிய பயிற்சி இல்லாதது உட்படப் பல காரணங்கள் அதற்கு உண்டு. தொடுதிரை வேகக் கட்டுப்பாடும் தவறு நேரும் வாய்ப்பைக் கூட்டியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோலுக்கே திரும்பப்போவதாக 2019-ல் கடற்படை அறிவித்தது.

மவுஸ் குற்றமற்றது என்று சொல்லவில்லை. அகலமான கீபோர்டின் வலதுபுறம் இருக்கும் எண் விசைகள் மவுஸை வெகுதூரம் தள்ளிவிடுகின்றன. அதை எட்டிப் பிடிக்கும் கைக்கும் தோள்வலி வரும். எண்கள் அதிகம் அடிக்காதவர்கள் அந்தப் பகுதி இல்லாத சிறிய கீபோர்டு வாங்கிக்கொள்ளலாம். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள், அவை மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கின்றன. முழங்கை விலாவை ஒட்டி, மணிக்கட்டு நேராக இருந்தால் போதும்.

தொடுதிரை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கி, மவுஸைப் பிடிக்கவே முடியாதவர்களுக்குத் தடித்த தொடுபேனாவும் தொடுதிரையும் பெரிய உதவி. வரைகிறவர்களுக்கும், நொடிப்பொழுதில் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்கிறவர்களுக்கும் அது நல்லதே. அரை மணிக்கு மேல் டேப்லெட்டில் எழுதப்போகிறீர்கள் என்றால் மட்டும், ஒரு ஸ்டாண்டும் தனிக் கீபோர்டும் அவசியம். போனில் கட்டைவிரலால் நீண்ட கடிதங்கள் எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத் தசைநார் உறை வீங்கி, ஒரு டம்ளரைத் தூக்கவே பயப்படுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் கூசுகிறதா? கையிலிருந்து பொருள் நழுவுகிறதா? மவுஸை மாற்றிப் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டில் அழுந்தும் நரம்பை நீண்ட நாள் விட்டுவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை மெலிய ஆரம்பிக்கும். மெலிந்த சதை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.