பருத்தி இழையின் கடைமடை வரை

திருப்பூர் பனியன் துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்க சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தால் பூச்சு கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது பருத்தியின் மூலப்பொருளான செல்லுலோஸைப் பிடித்து நிற்கிறதா, அல்லது மேலே வெறுமனே படிந்திருக்கிறதா? இதைப் பார்த்துச் சொல்லக்கூடிய கருவி திடநிலை என்.எம்.ஆர்., அதாவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. ஆனால் துணியின் எடையில் பூச்சு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலுள்ள சிலிக்கானிலும் என்.எம்.ஆர். கண்ணுக்குத் தெரியும் சிலிக்கான்-29 நூற்றுக்கு 4.7 மட்டுமே. வாரக்கணக்கில் ஓட்டினாலும் நிறமாலையில் அதன் உச்சி இரைச்சலுக்குள் புதைந்துதான் கிடக்கும்.

அணுக்கருவின் காந்தம் அவ்வளவு பலவீனமானது. 9.4 டெஸ்லா புலத்தில், அறை வெப்பநிலையில், பத்து லட்சம் புரோட்டான்களை எடுத்தால் ஒரு பக்கம் கூடுதலாக நிற்பவை வெறும் 32. மற்றவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. இந்த மிச்சத்தைத்தான் முனைவாக்கம் என்கிறோம். எலெக்ட்ரானின் காந்தமோ புரோட்டானைப் போல 658 மடங்கு. அதே புலத்தில் 100 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 173 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால், எலெக்ட்ரான்களின் முனைவாக்கம் 6 சதவீதத்தைத் தாண்டும். அதை அணுக்கருவுக்குத் திருப்பிவிடுவதே டி.என்.பி., அதாவது இயங்கு அணுக்கரு முனைவாக்கம். உலோகங்களில் இது நடக்கும் என்று 1953-இல் ஆல்பர்ட் ஓவர்ஹவுசர் கணித்தார். அதே ஆண்டில் கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியத்தில் அதைச் செய்து காட்டினார்கள்.

இன்றைய முறையில் மாதிரிக்குள் இரட்டை ராடிக்கல் ஒன்றைக் கலப்பார்கள். ஒரே மூலக்கூறில், ஒரு நானோமீட்டர் சொச்ச இடைவெளியில், இணையற்ற எலெக்ட்ரான்கள் இரண்டு இருக்கும். கைரோட்ரான் என்ற கருவி 263 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைத் தொடர்ந்து அனுப்பும். இது வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண்ணைப் போல நூறு மடங்குக்கும் மேல். நுண்ணலை ஒரு எலெக்ட்ரானை அடித்துச் சமன்படுத்திவிட, மற்றது தன் முனைவாக்கத்தோடு நிற்கும். இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் புரோட்டானின் 400 மெகாஹெர்ட்ஸுக்குச் சமமாகும் கணத்தில் அந்த ஏற்றத்தாழ்வு பக்கத்துப் புரோட்டானுக்கு இறங்கிவிடுகிறது.

அங்கிருந்து எல்லாம் வாய்க்கால் பாசனம்தான். முனைவாக்கம் புரோட்டானுக்குப் புரோட்டான் கைமாறி, ராடிக்கல் எட்டாத இடத்துக்கும் போகும். அங்குள்ள புரோட்டான்களிலிருந்து அதைச் சிலிக்கானுக்கு மாற்றிக்கொள்வோம். கீழ்பவானி மண் வாய்க்காலில் தண்ணீர் கசிவதுபோல வழிநெடுக இழப்பும் உண்டு. அங்கே கசிவு கிணறுகளுக்கு ஊற்றாகிறது. இங்கே கசிந்தது கசிந்ததுதான். கடைமடைக்கு எவ்வளவு சேரும் என்பதை ராடிக்கலின் அடர்த்தியும் கசியும் வேகமும் தீர்மானிக்கின்றன. 16 மில்லிமோலார் கரைசலில் மூலக்கூறுகளுக்கு இடையே சராசரியாக 5 நானோமீட்டர் இருக்கும். அதற்கு மேல் அளவைக் கூட்டினால் அருகிலுள்ள கருக்களின் உச்சிகள் அகன்று காணாமலே போய்விடும். கூடுதல் ராடிக்கல் கூடுதல் சிக்னல் தரும் என்று நம்பிக் கெடுத்த மாதிரிகள் ஏராளம்.

தயாரிப்பில்தான் பாதி வெற்றி. துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி 20 முதல் 30 மில்லிகிராம் எடுக்க வேண்டும். பூச்சு தண்ணீரைத் தள்ளுவதால் நீர்க்கரைசல் உதவாது. டெட்ராகுளோரோஈத்தேனில் கரைத்த டெக்பால் என்ற இரட்டை ராடிக்கலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈரமாகும் அளவோடு நிறுத்திவிட வேண்டும். இந்தக் கரைப்பான் நச்சு, புகைப்போக்கி அறைக்கு வெளியே திறக்கக் கூடாது. அது செல்லுலோஸுக்குள் ஊறாமல் மேற்பரப்பிலேயே நிற்பது நமக்கு வசதி. பூச்சில்லாத வெறும் பருத்தியென்றால் கனநீர், கிளிசரால் கலவையில் ஆம்யுபால் என்ற இன்னொரு இரட்டை ராடிக்கலைப் போடலாம். சாயப்பட்டறையில் போடும் ஹைட்ரோஸ் என்ற ஒடுக்கும் ரசாயனம் மிச்சமிருந்தால் அது ராடிக்கலை ஒடுக்கிக் கொன்றுவிடும், அதனால் நன்றாக அலசிய பிறகே கரைசலைத் தொட வேண்டும்.

மாதிரியை 3.2 மில்லிமீட்டர் சஃபையர் ரோட்டரில், அதாவது சுழலும் சிறு குழாயில், சமமாக அடைக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சுழலாது. ஸ்பின்னிங் மில்லின் கதிர் நிமிடத்துக்கு 20,000 சுற்று போனால், இது நொடிக்கே 10,000 சுற்று, அதுவும் குளிர்ந்த நைட்ரஜன் வாயுவில். வாயுவில் ஈரம் கலந்தால் பனி படிந்து அடைத்துக்கொள்ளும். மெதுவாகக் குளிர்வித்தால் கரைப்பான் கண்ணாடிபோல் உறையாமல் படிகமாகி, ராடிக்கலை ஓரம் கட்டிவிடும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் இன்னொரு கசிவு. ரோட்டரைச் சில முறை குளிரில் இறக்கி, எடுத்து உருகவிட்டால் பெரும்பகுதி வெளியேறும்.

நுண்ணலை இருக்கும்போது வரும் சிக்னலை இல்லாதபோது வருவதால் வகுத்துப் பெருக்கம் சொல்வது வழக்கம். இந்த எண்ணை அப்படியே நம்புவது தவறு. இரட்டை ராடிக்கல் சுழலும்போது, நுண்ணலை இல்லாத சிக்னல் இயல்பைவிடத் தாழ்ந்துபோவதால் வகுத்த விடை வீங்கித் தெரியும். ராடிக்கல் கலக்காத துணியோடு, ஒரே நேரத்துக்கு எவ்வளவு சிக்னல் என்று ஒப்பிடுவதுதான் நியாயம். அப்படிப் பார்த்தும் 30 மடங்கு கிடைத்தால் நேரம் 900-இல் ஒரு பங்காகும். 30 நாள் வேலை 48 நிமிடம்.

நிறமாலையில் உச்சி விழும் இடத்தைப் பி.பி.எம். என்ற அளவில் சொல்வார்கள். கரைப்பானின் கார்பன் உச்சி 74 பி.பி.எம். அருகே விழுந்து செல்லுலோஸை மறைக்கும், ஆனால் சிலிக்கான் நிறமாலைக்கு அதனால் தொந்தரவில்லை. சிலிக்கான் நிறமாலையில் மைனஸ் 22 அருகே கூர்மையாக ஒன்று தெரிந்தால் எங்கோ சிலிக்கோன் கிரீஸ் பட்டிருக்கிறது. நாம் தேடுவது மைனஸ் 50-க்கும் 70-க்கும் இடையில் இருக்கும். மைனஸ் 66 பக்கத்து உச்சி மட்டும் ஓங்கி நின்றால், சிலேன் தன் மூன்று கைகளாலும் பக்கத்துச் சிலேன்களையே பிடித்துக்கொண்டிருக்கிறது. செல்லுலோஸைப் பிடிக்க அதற்குக் கை மிச்சமில்லை.