கயோக்யொக்கு – சொல் விளக்கம்

ஷோவா காலத்தில் (1926–1989) ஜப்பானில் பரவிய வெகுசனப் பாட்டுகளின் பொதுப்பெயர் கயோக்யொக்கு. 'க' என்பது வாய்விட்டுப் பாடுவது. 'யோ' என்பது ஜப்பானிய மரபு நாடகமான 'நோ'வில் வருவது போல இசைத்து ஓதுவது. 'க்யொக்கு' என்றால் மெட்டமைந்த ஆக்கம். நம் கச்சேரி வழக்கில் சொன்னால் உருப்படி. ஆக, சொல்லின் நேர்ப்பொருள் 'பாட்டு உருப்படி', அவ்வளவுதான்.

எழுத்து: ஜப்பானியர் காதில் இது ஐந்து மாத்திரைச் சொல்: க (1), யோ (2), க்யொ (1), கு (1). தமிழில் 'கயோகியோகு' என்று எழுதினால் இடையில் வரும் ககரம் மெலிந்துவிடும், 'கியோ' நெடிலாகிவிடும். அதனால்தான் ஒற்று இடுகிறோம். ஆனால் அந்த ஒற்றை அழுத்திச் சொல்லக் கூடாது. ஜப்பானியத்தில் இரட்டித்த மெய் தனியாக ஒரு முழு மாத்திரை பெறும்.

முதலில் இந்தச் சொல் மேற்கத்திய செவ்விசைப் பாடல்களைக் குறித்தது. இசைத்தட்டில் வந்த வெகுசனப் பாட்டுக்கு அப்போது 'ரியூகோகா', அதாவது 'பரவிய பாட்டு', என்று பெயர். 1930களில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வானொலிக்கு அது சரிப்படவில்லை. இன்றுதான் முதன்முறையாக ஒலிக்கப்போகும் பாட்டைப் பரவிய பாட்டு என்று எப்படி அறிவிப்பது? கயோக்யொக்கு என்ற சொல்லை வானொலி எடுத்துக்கொண்டது, பொருளும் மாறியது.

1970, 80களின் பாட்டுகளை இன்று கேட்பவர்கள் இதை ஓர் ஒலிப்பாணியின் பெயராக நினைக்கிறார்கள். அங்கேதான் பிழை. பாட்டு எப்படி உருவாகிறது என்பதே இந்தச் சொல்லின் உயிர்: பாடலாசிரியர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், வாத்தியக்கோப்பு செய்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். 1977ஆம் ஆண்டைப் பாருங்கள். இஷிகாவா சயுரி பாடிய ட்சுகாரு நீரிணையின் குளிர்காலப் பாட்டையும், பிங்க் லேடி இருவர் ஆடிப்பாடிய 'யூ.எஃப்.ஓ.'வையும் எழுதியவர் ஒருவரே: அக்கு யூ. முன்னது எங்கா என்னும் சோகம் ததும்பும் பாட்டுவகை, பின்னது துள்ளாட்டம். இரண்டும் கயோக்யொக்குவின் குடைக்குள் அடங்கும். தன் பாட்டைத் தானே எழுதிப் பாடியவர்களை அக்காலத்தில் 'நியூ மியூசிக்' என்று பிரித்துப் பேசினார்கள். எனவே அந்தக் காலத்துப் பாட்டு எல்லாவற்றையும், நியூ மியூசிக்கிலிருந்து கிளைத்த நகரப் பாணியான 'சிட்டி பாப்' என்ற பெயரால் அழைப்பது தவறு.

எங்காவின் அடையாளம் அதன் சுரத்தில் இருக்கிறது. அதன் சுரவரிசையின் பெயரான 'யொனனுக்கி' என்றால் நான்கும் ஏழும் நீக்கியது. மேஜர் வகையில் நான்காம், ஏழாம் சுரங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. நம் மோகனத்தின் சுரங்களே. மைனர் வகைக்கு, சிவரஞ்சனியை எடுத்துக்கொண்டு சதுசுருதி தைவதத்தைச் சுத்த தைவதமாக இறக்குங்கள். அந்தக் கனத்த சோகம் உடனே கேட்கும். சுரங்கள் ஒன்றுதான் என்பதற்காக அதை ராகம் என்று எழுதிவிடக் கூடாது. கமகமும் பிடிப்பும் வேறு.

பாட்டின் உறுப்புகளுக்கும் பெயர் உண்டு: ஏ-மெலோ (முதல் பகுதி), பி-மெலோ (அடுத்த பகுதி), ஸபி (உச்சப் பகுதி). ('சபி' என்று எழுதினால் சாபமிடு என்றாகிவிடும்.) ஸபியைப் பல்லவி என்று பெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் திரைப்பாட்டு பெரும்பாலும் பல்லவியில் தொடங்கும். ஸபியோ வழக்கமாக ஏ, பி இரண்டும் முடிந்து, ஏக்கம் கூடிய பிறகே வரும். 'உச்சப் பல்லவி' என்றால் பொருள் தப்பாது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'நாட்டுப்பாடல்' ஆகாது, அதற்கு ஜப்பானியத்தில் 'மின்யோ' இருக்கிறது. 'திரையிசை'யும் ஆகாது, இப்பாட்டுகளில் பெரும்பாலானவை படத்துக்காகப் பிறந்தவை அல்ல, 45 சுழற்சி இசைத்தட்டாக வந்து தொலைக்காட்சியில் வளர்ந்தவை. 'பாப்பிசை' என்றால் எங்கா வெளியே நின்றுவிடும். பொருந்துவது 'மெல்லிசைப் பாட்டு'. இலங்கை வானொலியும் அகில இந்திய வானொலியும் படத்தைச் சாராத, எழுதி மெட்டமைத்துப் பாடகருக்குக் கொடுத்த பாட்டை அப்படித்தான் அறிவித்தன. வானொலி வழங்கிய சொல்லுக்கு வானொலி வழங்கிய சொல்லே இணை. ஒரு குறை உண்டு: பித்தளைக் குழல்கள் முழங்கும் வேகப் பாட்டுக்கு 'மெல்' என்ற அடை இடறும். ஆகவே முதலில் 'ஜப்பானிய மெல்லிசைப் பாட்டு (கயோக்யொக்கு)' என்று எழுதி, பிறகு கயோக்யொக்கு என்றே தொடரலாம்.

1988 அக்டோபரில் டோக்கியோவில் தொடங்கிய ஜே-வேவ் பண்பலை வழியே 'ஜே-பாப்' என்ற சொல் பரவி, இதன் இடத்தைப் பிடித்தது. பழைய தட்டின் உறையில் ஷோவா ஆண்டு மட்டும் இருந்தால் 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 55 என்றால் 1980. ஷோவா 64 என்று கண்டால் அது 1989 ஜனவரியின் முதல் ஏழு நாள் மட்டுமே.