ஹாங்காங்கில் அறை எடுக்கும் முன்: மண்ணடியிலிருந்து ஒரு வேண்டுகோள்

சென்ற மாதம் ஓர் இரவு வீடியோ அழைப்பு ஒன்று வந்தது. இங்கே ஒன்பதரை மணி, ஹாங்காங்கில் நள்ளிரவு. அழைத்தவர் தண்டையார்பேட்டைக்காரர். மனைவி, ஏழு வயது மகன், அம்மா என்று நான்கு பேராகப் போயிருந்தார்கள். திரையில் முதலில் தெரிந்தது அம்மாதான். படிக்கட்டு திரும்பும் இடத்தில், படுக்கவைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. சேலை கணுக்காலுக்கு மேல் வரை நனைந்திருந்தது. பேரன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“பாய், இங்கே லிப்டே இல்லை. இது மூன்றாவது மாடி. அறை ஐந்தாவது மாடியில் இருக்கிறது” என்றார் மகன்.

விமான டிக்கெட் எடுத்துக்கொடுத்தது நான். அறையை அவரே இணையத்தில் பிடித்திருந்தார். அதில் தவறில்லை, இன்று எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ஆண்டில் எனக்கு வந்த இத்தகைய அழைப்புகளில் இது ஐந்தாவது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. மொத்தமாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில், என் பொறுமையை அதிகம் சோதிக்கும் ஒரு வாக்கியம். “சின்னத் தீவுதானே பாய், எங்கே தங்கினால் என்ன?” இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சின்னத் தீவு இல்லை. ஒரே தீவும் இல்லை. ஹாங்காங் என்பது ஹாங்காங் தீவு, அதற்கு எதிரே சீனப் பெருநிலத்தோடு ஒட்டிய கௌலூன், அதற்கும் வடக்கே நியூ டெரிட்டரீஸ், இவை போக 260-க்கும் மேற்பட்ட தீவுகள் எல்லாம் சேர்ந்தது. நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஹாங்காங் முழுவதும் ஏறக்குறைய 1,100 சதுர கிலோமீட்டர். இரண்டு சென்னையை விடவும் பெரியது. நடுவே மலை, நடுவே கடல். எண்ணூரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் திருவான்மியூருக்குப் போய்வர யாராவது திட்டமிடுவார்களா? சென்னையில் செய்யாததை ஹாங்காங்கில் மட்டும் ஏன் செய்கிறீர்கள்?

விமான நிலையமே நகரத்தில் இல்லை. லந்தாவ் தீவை ஒட்டி இருக்கிறது. “விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைத்தது” என்று துங் சுங்கில் அறை எடுத்தவர்கள், ஒவ்வொரு நாளும் நகரத்துக்குள் போக அரை மணி, வர அரை மணி ரயிலில் கழித்தார்கள். கேபிள் கார், பெரிய புத்தர் சிலை, டிஸ்னிலேண்ட் இவற்றுக்காக ஒரு நாள் அங்கே தங்குவது சரி. ஐந்து நாள் பயணத்துக்கும் அதுதான் இருப்பிடம் என்றால் பயணத்தில் ஒரு பங்கு ரயில் பெட்டியிலேயே போய்விடும்.

இன்னொரு கூட்டம் “தீவு” என்ற சொல்லில் மயங்கி சியுங் சாவ், லம்மா போன்ற வெளித்தீவுகளில் வீடு எடுக்கிறது. படத்தில் கடற்கரையும் படகுகளும் அழகாகத் தெரியும். உண்மையிலேயே அழகான ஊர்கள்தாம். ஆனால் போக்குவரத்து படகில்தான். சியுங் சாவுக்குச் சாதாரணப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புயல் வந்தால் படகு நின்றுவிடும். காசிமேட்டுக்காரர்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹாங்காங்கிலும் எண் வைத்துத்தான் எச்சரிக்கிறார்கள். ஆனால் வரிசை வேறு: 1, 3, அதற்கடுத்து நேராக 8, பிறகு 9, 10. எட்டாம் எண் ஏறினால் பள்ளி, அலுவலகம், கடைகள் மூடும், பஸ்ஸும் படகும் நிற்கும். 2018 செப்டம்பரில் மங்குட் புயலுக்குப் பத்தாம் எண்ணே ஏற்றினார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை போகிறவர்கள், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை வெளித்தீவில் கழிக்கவே கழிக்காதீர்கள். இதில் விவாதமே வேண்டாம்.

சரி, எங்கே தங்குவது? போகிற காரியத்தைப் பொறுத்தது. முதல் முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது கௌலூனின் நேதன் ரோடுதான். தெற்கே சிம் ஷா சுய், அடுத்து ஜோர்டன், யௌ மா டெய், மாங் கோக் என்று ஒரே நேர்சாலையின் கீழே வரிசையாக மெட்ரோ நிலையங்கள். சிம் ஷா சுய்யில் ரயில் ஏறினால் கடலுக்கு அடியில் அடுத்த நிலையமே ஹாங்காங் தீவு. ஸ்டார் ஃபெர்ரி படகில் போனால் பத்து நிமிடம், கட்டணம் சில ஹாங்காங் டாலர்கள்தான். விமான நிலையத்திலிருந்து ஏ21 பஸ் இந்தச் சாலை வழியாகவே வருகிறது. இந்திய உணவு, சைவ உணவு, ஹலால் உணவு எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். ஜும்ஆவுக்குப் போகிறவர்களுக்கு கௌலூன் பள்ளிவாசலும் அதே நேதன் ரோட்டில்தான். நம் மண்ணடி வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பகுதியைச் சுற்றியே தங்குவது பழக்கத்தால் மட்டும் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் உதிரி, துணி, பட்டன் என்று சரக்கு பார்க்கப் போகிறவர்களுக்கு ஷாம் ஷுய் போ. அப்லியூ தெருவுக்கு அருகிலேயே தங்கினால் காலையில் நடந்தே போய்விடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தச் சந்தடி ஒத்துவராது.

ஹாங்காங் தீவிலேயே தங்க வேண்டும் என்பவர்கள் கட்டாயம் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏற்றம். வரைபடத்தில் “நடந்து ஏழு நிமிடம்” என்று காட்டும். அந்த ஏழு நிமிடமும் படிக்கட்டாக இருக்கலாம். சென்ட்ரல் பகுதியிலிருந்து மலைச்சரிவில் மேலே போக, 1993-லேயே ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்குச் சாலையோர நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள் என்றால் ஏற்றம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் உடன் வந்தால் டிராம் பாதையை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடற்கரை ஏறக்குறைய அந்தப் பாதையை ஒட்டித்தான் இருந்தது. அதற்கு வடக்கே இருப்பது பெரும்பாலும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம், சமதளம். நம் ராஜாஜி சாலைக்கும் ஒரு காலத்தில் முதல் கடற்கரைச் சாலை என்றுதானே பெயர்? துறைமுகம் வந்த பிறகுதானே கடல் விலகிப் போனது? அதைப் போலத்தான். வான் சாய், காஸ்வே பே, நார்த் பாயிண்ட் பகுதிகளில் டிராம் பாதைக்கும் கடலுக்கும் நடுவே அறை எடுத்தால் முழங்கால் தப்பிக்கும். பாதைக்குத் தெற்கே போகப் போக ஏற்றம்தான்.

இனி, அந்த இரவுக்கு வருகிறேன். அந்தக் குடும்பம் பிடித்திருந்த அறை நல்ல பகுதியில்தான் இருந்தது. கட்டடம்தான் கோளாறு. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. வரவேற்பு மேசை இல்லை. கதவுக்கான எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தார்கள். கூடவே, “யாராவது கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொல்லுங்கள்” என்று ஒரு வரி. அதை எனக்கு அனுப்பிவிட்டு, “எதற்கு பாய் இப்படிச் சொல்கிறார்கள்?” என்று அவர் கேட்டார். உரிமம் இல்லாத இடம், தம்பி. அதற்குத்தான்.

ஹாங்காங்கில் 28 நாட்களுக்குக் குறைவாகப் பணம் வாங்கிக்கொண்டு ஆளைத் தங்கவைக்க வேண்டுமென்றால் அரசின் உரிமம் வேண்டும். ஹோட்டலாக இருந்தாலும் சரி, நான்கு அறை கொண்ட கெஸ்ட் ஹவுஸாக இருந்தாலும் சரி. உரிமம் பெற்ற இடங்களின் பட்டியலை அந்த அரசின் உரிம அலுவலகம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பெயரையோ முகவரியையோ தட்டினால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. நாங்கள் தொழிலில் இருப்பவர்கள் புதிய விடுதி எதுவாக இருந்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். நட்சத்திரம், மதிப்பெண், விமர்சனம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

“உரிமம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, படுத்து எழுந்து வரப்போகிறோம்” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 ஏப்ரலில் ஜோர்டன் பகுதியில் நியூ லக்கி ஹவுஸ் என்ற கட்டடத்தில் தீப்பிடித்து 5 பேர் இறந்தார்கள். 1960-களில் கட்டிய கட்டடம். உள்ளே குடியிருப்புகளோடு கெஸ்ட் ஹவுஸ்களும் இயங்கின. பழைய கட்டடத்தில் தீ பிடித்து ஒரு படிக்கட்டு முழுக்கப் புகை ஏறிவிட்டால், இன்னொரு படிக்கட்டுதான் வெளியே வரும் வழி. ஆகவே உரிமம் இருக்கும் இடமாக இருந்தாலும், அறைக்குப் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் கதவு திறக்கிறதா, அட்டைப் பெட்டிகளை அடுக்கி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அடைத்திருந்தால் அங்கே தூங்காதீர்கள். காசு போனால் போகட்டும்.

அறையின் அளவைச் சதுர அடியில் கேளுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அறையின் மூலையில் நின்று அகலமாக எடுத்த படம் எந்த அறையையும் கூடமாக்கிவிடும். அங்கே கெஸ்ட் ஹவுஸ் அறை எழுபது, எண்பது சதுர அடியில் இருப்பது சாதாரணம். கட்டில் போட்டது போக மிச்சத்தில் ஒரு பெட்டியை விரிக்க முடியாது. குளியலறையில் கழிப்பறைக் கோப்பைக்கு நேர் மேலே ஷவர் இருக்கும். இளைஞர்கள் இரண்டு பேர் சமாளித்துக்கொள்வார்கள். நான்கு பேருக்கு ஓர் அறை என்று நம் ஊர்ப் பழக்கத்தில் எடுக்காதீர்கள், தயவுசெய்து. லிப்ட் இருக்கிறதா என்பதோடு, அது அறை இருக்கும் மாடியில் நிற்குமா என்றும் கேளுங்கள். சில பெரிய பழைய கட்டடங்களில் ஒரு லிப்ட் ஒற்றைப்படை மாடிகளுக்கு, இன்னொன்று இரட்டைப்படை மாடிகளுக்கு. காலையில் இரண்டுக்கும் முன்னால் வரிசை நிற்கும்.

பருவம் பற்றிச் சுருக்கமாக. மார்ச், ஏப்ரலில் ஈரம் மிகுந்து சுவரும் தரையும் வியர்க்கும். ஜன்னல் இல்லாத அறையில் துணி உலராது, பூஞ்சை வாடை வரும். நம் பள்ளி விடுமுறையான மே மாதம் அங்கே வெயிலும் பெருமழையும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இதமாக இருக்கும். சீனப் புத்தாண்டு, மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம், ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும் பெரிய வணிகக் கண்காட்சிகள், இந்த நாட்களில் வாடகை எகிறும். இணையத்தில் காட்டும் விலையில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2025 ஜனவரி முதல் மீண்டும் வந்திருக்கும் 3 சதவீத ஹோட்டல் வரியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 14 நாள் தங்கலாம்; ஆனால் 2017 ஜனவரியிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இறங்கியதும் குடியேற்ற அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால், ஒளிவுமறைவில்லாமல் காட்டக்கூடிய முகவரியாக அது இருக்க வேண்டும். “நண்பர் வீடு” என்று சொல்லச் சொன்னவர் அங்கே வந்து உங்களுக்காகப் பேசமாட்டார்.

அன்றிரவு ஜோர்டனில் எனக்குப் பழக்கமான ஒரு ஹோட்டலில் பேசி இரண்டு அறைகள் பிடித்துக்கொடுத்தேன். நடந்தால் பத்து நிமிடத் தூரம். ஆனால் மழையில் அம்மாவை நடத்த முடியாது; டாக்சிதான். மகன் முகவரியை ஆங்கிலத்தில் காட்ட, முதல் இரண்டு ஓட்டுநர்களும் புரியாமல் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஹோட்டலின் பெயரைச் சீன எழுத்தில் கேட்டு வாங்கி நான் அனுப்பிய பிறகுதான் மூன்றாவது வண்டி ஏற்றிக்கொண்டது.

தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் பெரிதாக அச்செடுத்து, ஆளுக்கொரு பிரதியைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்துபோகும் கைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். உங்களைத் தவறவிட்டால் அம்மாவும் பிள்ளையும் யாரிடமாவது காட்ட அவர்கள் கையிலும் ஒன்று இருக்கட்டும்.