கண்ணைப் பிதுக்குவதெல்லாம் கட்டியல்ல

கண்குழி என்பது எலும்பால் ஆன கூம்பு. முன்பக்கம்தான் அகலத் திறந்திருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி. அதில் கண் உருண்டைக்கு 7 மில்லி போக, மீதி இடத்தில் தசை, கொழுப்பு, நரம்பு, கண்ணீர்ச் சுரப்பி எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. உள்ளே எது வீங்கினாலும் கண் முன்னால்தான் தள்ளப்படும். அதனால்தான் வெறும் அழற்சிகூடப் புற்றுக்கட்டிபோலத் தெரிகிறது. காரணம் பிடிபடாத இவ்வகை அழற்சிக்குப் 'போலிக்கட்டி' என்றே பெயர்.

முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நாளாக என்பதை. ஓரிரு நாளில் வலியோடு சிவந்து வீங்கினால் அழற்சிப் பக்கம் சாயலாம். மாதக்கணக்கில் வலியின்றிப் பிதுங்கினால் கட்டிப் பக்கம். குழந்தைகளிடம் இந்தக் கணக்கை நம்பக் கூடாது: தசைப் புற்றான ராப்டோமயோசர்கோமா சில நாட்களிலேயே கண்ணைத் தள்ளிவிடும். குனிந்தால் பிதுக்கம் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கூடினால் சிரைப் புடைப்பாக இருக்கலாம். கண் பிதுக்கத்தை அளக்கும் ஹெர்டெல் கருவியில் இரு கண்களுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேவை.

ஸ்கேனில் தசை எலும்போடு சேரும் இடத்தை அல்ல, கண் உருண்டையில் வந்து ஒட்டும் முன்முனையை உற்றுப் பாருங்கள். தைராய்டு நோயில் தசையின் நடுவயிறு பருத்திருக்கும், முன்முனைத் தசைநாண் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். போலிக்கட்டியில் தசைநாணும் சேர்ந்து தடித்துவிடுவது வழக்கம். கன்னத்துக்கு இறங்கும் நரம்பு தடித்திருந்தால் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புரதம் தொடர்பான அழற்சி நோயை நினைக்க வேண்டும். ஆனால் ரத்தத்தில் ஐஜிஜி4 அளவு கூடியிருப்பது மட்டும் போதாது, திசுவிலும் காட்ட வேண்டும்.

பெரிய தவறு நேர்வது இதற்குப் பிறகுதான். அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்ததும் இரண்டே நாளில் வீக்கம் வடிகிறது, எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். ஆனால் நிணநீர் அணுக்களின் புற்றான லிம்போமாவும் ஸ்டீராய்டுக்கு அப்படியே சுருங்கும்! பின்னால் எடுக்கும் திசுப் பரிசோதனையான பயாப்ஸியில் புற்றணுக்கள் தென்படாமலே போகலாம். கருப்புப் பூஞ்சையாக இருந்தாலோ, ஸ்டீராய்டு உயிருக்கே உலை வைக்கும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளியிடம் இதைத்தான் முதலில் விலக்க வேண்டும்.

ஆகவே கண்ணீர்ச் சுரப்பிபோலக் கத்தி எட்டும் இடமென்றால், மருந்துக்கு முன் திசு எடுப்பதே முறை. முழுத் துண்டையும் பதப்படுத்தும் திரவமான பார்மலினில் போட்டுவிடாதீர்கள்; லிம்போமாவைத் தேடும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற அணுப் பரிசோதனைக்கு உயிரோடிருக்கும் அணுக்கள் வேண்டும். பார்வை நரம்பை ஒட்டிய ஆழத்தில் இருந்தால் மட்டும், பயாப்ஸியே பார்வையைப் பறிக்கலாம் என்பதால், ஸ்டீராய்டு கொடுத்துக் கவனிக்கலாம். மருந்தைக் குறைக்கும்போது வீக்கம் திரும்பினால் அளவைக் கூட்டிச் சமாளிக்காமல், திசுப் பரிசோதனைக்கு வழி உண்டா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.