"வெறும் பீர்தானே" என்பவர்களுக்கு

வலிப்போடும் பிதற்றலோடும் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்பட்ட ஒருவருக்காக, "டாக்டர், அவர் சரக்கெல்லாம் தொடமாட்டார், வெறும் பீர்தான்" என்று வீட்டார் வாதாடுவதை இந்தக் கோடையில் மறுபடியும் கேட்க நேர்ந்தது. இரத்தத்தில் 135-க்குக் குறையக் கூடாத சோடியம் என்ற உப்புச் சத்து அவருக்கு 108-ல் இருந்தது. பல நாட்களாகச் சோறு இறங்காமல், பகலில் ஒரு டீயும் இரவில் இரண்டு மாங்காய்த் துண்டும் பீருமாகவே அவர் காலம் தள்ளியிருந்தார்.

பீர் பார்லித் தண்ணீரும் அல்ல, உடல் சூட்டைத் தணிக்கும் மருந்தும் அல்ல. 7 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மி.லி. பாட்டில் ஒன்றில் இருப்பது, ஏறக்குறைய 100 மி.லி. பிராந்தியில் உள்ள ஆல்கஹால். நான்கு பாட்டில் குடித்தவர் இரண்டு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பதும் கட்டுக்கதையே. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை, அவை பீரில் கரைவதில்லை. "நிறைய சிறுநீர் போகிறதே" என்பார்கள். உணவிலிருந்து வரும் உப்பும் புரதத்திலிருந்து வரும் யூரியாவும் துணைக்கு இருந்தால்தான் சிறுநீரகத்தால் நீரை வெளியேற்ற முடியும். சரியாகச் சாப்பிடாதவருக்கு அந்த வரம்பு நாளுக்கு நான்கைந்து லிட்டராகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் குடிப்பது இரத்தத்திலேயே தங்கி, சோடியத்தை நீர்க்கச் செய்து, மூளையை வீங்க வைக்கும்.

குடிப்பவருக்கு வலிப்பு வந்தால் "குடியை நிறுத்தியதால் வந்தது" என்று உடனே முடிவுகட்டும் இளம் மருத்துவர்கள், தயவுசெய்து சோடியத்தையும் பார்க்க வேண்டும்.

"இரண்டு பாட்டில் சலைன் (உப்பு நீர்) ஏற்றி அனுப்பிவிடுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். இந்நோயாளிகளுக்குச் சிறிது உப்பு உள்ளே போனதும் லிட்டர் லிட்டராகச் சிறுநீர் பிரிந்து, சோடியம் தாறுமாறாக ஏறக்கூடும். 24 மணி நேரத்தில் 8 அலகுக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டு, சில நாட்கள் கழித்துப் பேச்சு குழறி, கைகால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து அடிக்கடி இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். பில்லை ஏற்றுவதற்காக அல்ல.

தள்ளாட்டம், குமட்டல், குழப்பம் தெரிந்தால் "போதை தெளியட்டும்" என்று படுக்கவைக்காமல் அழைத்து வாருங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும். குடியை விட நினைப்பவர் திடீரென்று தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் வரட்டும். அதுவரை சோறு, பருப்பு, முட்டை என்று எதையாவது வேளை தவறாமல் சாப்பிட வையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால், அந்தச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.