எழும்பூர் கட்டாரியை ஸ்கைரிமுக்குள் சேர்ப்பது எப்படி?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதத் தொகுப்பில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் உண்டு. கட்டாரியின் பிடி அலகின் நீட்சியாக இருக்காது, குறுக்கே இருக்கும். இரு பக்கக் கம்பிகளுக்கு நடுவே முஷ்டியை நுழைத்து, குத்து விடுவது போல நேராகச் செலுத்த வேண்டும். 2011இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில் இப்படி ஓர் ஆயுதம் இல்லை. அதைச் சேர்க்க மூல ஃபைல்களில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அந்த உலகில் உள்ள ஆள், வாள், கதவு எல்லாமே ஸ்கைரிம்.இஎஸ்எம் என்ற பெரிய ஃபைலில் ஆளுக்கொரு பதிவு, பதிவுக்கொரு எட்டு இலக்க எண். விளையாட்டில் ஏற்கெனவே உள்ள ஸ்டீல் டேகர் என்ற குறுங்கத்தியின் எண் 00013986. விளையாட்டில் நாமாகச் சேர்க்கும் மாற்றத்துக்கு மாட் என்று பெயர். அது இஎஸ்பி என்ற சின்ன ஃபைல். வாக்காளர் பட்டியலோடு வரும் துணைப்பட்டியல் போல, சேர்க்கையும் திருத்தமும் மட்டும் அதில் இருக்கும். பல மாட்கள் ஒரே பதிவைத் திருத்தினால், விளையாட்டு தொடங்கும்போது கடைசியாக ஏறியதுதான் செல்லும், அதுவும் முழுப் பதிவாக. மாட் கெட்டுப்போகிற கதைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியில்தான் தொடங்கும்.

விளையாட்டை உருவாக்கிய பெதஸ்டாவே தரும் கிரியேஷன் கிட் என்ற மாட் செய்யும் மென்பொருளில் ஸ்டீல் டேகரைத் திறந்து அதன் ஐடியை (எண்ணை அல்ல, பதிவின் பெயரை) மாற்றுங்கள். புதிய பதிவு உருவாக்கவா என்று கேட்கும். ‘யெஸ்’ கொடுக்க வேண்டும். ‘நோ’ கொடுத்தால் உலகத்தில் உள்ள ஸ்டீல் டேகர் அத்தனையும் கட்டாரியாகிவிடும். டேகரின் சேதம் 5, எடை 2.5, விலை 18. கட்டாரிக்குச் சேதம் 6 வைத்தால் ஆட்டத்தின் சமநிலை கெடாது. கொல்லன் பட்டறையில் செய்யத் தனிப் பதிவு வேண்டும்: இரண்டு ஸ்டீல் இங்காட் (எஃகுக் கட்டி), ஒரு தோல் பட்டை, கூடவே பட்டறைக்குரிய கீவேர்ட் என்ற அடையாளச் சொல். கீவேர்ட் விட்டுப்போனால் பட்டறைப் பட்டியலில் கட்டாரி வராது.

உருவத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து, விளையாட்டு படிக்கும் நிஃப் ஃபைலாக மாற்ற வேண்டும். விளையாட்டின் அளவில் சுமார் 70 யூனிட் ஒரு மீட்டர் என்பதால் 42 செ.மீ. கட்டாரி 30 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். பூஜ்ஜியப் புள்ளி பிடியின் நடுவில் அமையட்டும். இனிதான் சிக்கல். டேகரின் அலகு கட்டைவிரல் பக்கம் நீளும், கட்டாரியின் அலகு விரல் முட்டிகளுக்கு முன்னே நீளும். ஆகவே கட்டாரியின் குறுக்குப் பிடி, டேகரின் பிடி இருந்த கோட்டில் படுக்கும்படி உருவத்தை 90 டிகிரி திருப்ப வேண்டும். கையில் சரியாக உட்காரும். ஆனால் இடுப்பில் செருகியதும் அலகு பக்கவாட்டில் துருத்தும், ஏனென்றால் விளையாட்டை இயக்கும் எஞ்சினுக்குத் தெரிந்தது பிடியின் கோடு மட்டுமே. வீச்சும் டேகர் வீச்சாகவே இருக்கும். அசைவுகளை மாற்றித்தரும் ஓப்பன் அனிமேஷன் ரீப்ளேசர் என்ற மாட் மூலம், கட்டாரிக்கென ஒரு கீவேர்ட் கொடுத்து அது கையில் இருக்கும்போது மட்டும் குத்தும் அசைவு வரச் செய்யலாம். அந்த உழைப்பைப் போடாத கட்டாரி வெறும் பொம்மைதான்.

இன்னொரு இடறல்: விளையாடுபவரின் கண்வழியே பார்க்கும் முதல் நபர் பார்வைக்கு ஆயுதப் பதிவில் தனி உருவம் குறிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றாவிட்டால் வெளியிலிருந்து பார்க்கும்போது கட்டாரி தெரியும், கண்வழியே பார்த்தால் பழைய டேகரே தெரியும்.

உருவத்தின் மேல் போர்த்தும் மேற்பரப்புப் படங்கள் டிடிஎஸ் என்ற ஃபைல் வடிவில், 1024, 2048 என்று இரண்டின் அடுக்கான அளவுகளில் இருக்க வேண்டும். பிசி7 என்ற சுருக்க முறையில் 4096 அளவுப் படம் ஒன்றே மிப்மேப்போடு (தூரத்துப் பார்வைக்கான சிறிய பிரதிகளோடு) சுமார் 21 எம்பி பிடிக்கும், 2048 என்றால் 5 எம்பி சொச்சம். ரிச்சி தெருவில் வாங்கிய 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு குறுங்கத்திக்காக 4096 வைப்பது வீண். மிப்மேப்பை விட்டாலோ தூரத்தில் உலோகம் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். ஆயுதம் ஊதா நிறத்தில் தெரிந்தால் படம் கிடைக்கவில்லை என்று பொருள். நிஃப்புக்குள் படத்தின் பாதை டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரிலிருந்து தொடங்காமல் உங்கள் சி டிரைவிலிருந்து தொடங்கியிருக்கும். உங்கள் கணினியில் சரியாக வரும், மற்றவர்களுக்கெல்லாம் ஊதா. நிஃப் ஃபைல்களைத் திருத்தும் நிஃப்ஸ்கோப்பில் திறந்து திருத்தலாம்.

கட்டாரி கொள்ளையர் கையிலும் கிடைக்க வேண்டுமென்றால் அவர்களின் ஆயுதப் பட்டியலைத் திருத்த வேண்டும். அங்கே முன்சொன்ன விதி கடிக்கும். இன்னொரு மாட்டும் அதே பட்டியலில் தன் வாள்களைச் சேர்த்திருந்தால், பின்னால் ஏறியதன் ஆயுதங்கள் மட்டுமே வரும். மாட் ஃபைல்களை ஒப்பிடும் எக்ஸ்எடிட் மென்பொருளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மோதல் சிவப்பாகத் தெரியும். இரண்டையும் இணைத்த ஒரு பேட்ச் ஃபைலைச் செய்து கடைசியில் ஏற்றுங்கள். தெரியாமல் கைபட்டு மாறிய பதிவுகள் உங்கள் ஃபைலில் இருந்தால் அவற்றையும் அங்கேயே நீக்கிவிடுங்கள்; அடுத்தவர் மாட்டைக் கெடுப்பவை அவைதான்.

சாதாரண இஎஸ்எம், இஎஸ்பி ஃபைல்களுக்கு மொத்தம் 254 இடமே உண்டு. ஒரே ஒரு கட்டாரிக்கு அதில் ஓர் இடம் அதிகம். ஸ்கைரிமின் பிந்தைய பதிப்பான ஸ்பெஷல் எடிஷனில், சிறிய மாட் என்று காட்டும் இஎஸ்எல் குறி வைத்துவிட்டால் அந்தக் கணக்கில் சேராது. அதற்கு உங்கள் ஃபைலில் உள்ள பதிவு எண்களைச் சிறிய எண்களாகச் சுருக்க வேண்டியிருக்கும். அதை வெளியிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு சுருக்கினால் விளையாடுபவர் சேமித்து வைத்த பழைய சேவ்களில் இருக்கும் எண்ணுக்கு உரிய பொருள் இருக்காது, விளையாடுபவரின் பையிலிருந்து கட்டாரி காணாமல் போகும்.